மூன்று நாள் சும்மா உட்காரும் வேலை

சல்லடை என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. நான்கு மாடித் துணிக்கடை ஒன்றின் வெளிவாசலில் பதினான்கு வருடம் நின்று, போகிற பெண்களின் பைகளைத் திறந்து பார்த்தவளுக்கு, உடன் வேலை செய்தவர்கள் வைத்த பட்டப்பெயர் அது. சல்லடை நிற்கிற வாசலில் பில் இல்லாமல் ஒரு கைக்குட்டைகூட வெளியே போகாது என்பார்கள். அதைப் பாராட்டாகச் சொல்கிறார்களா, கேலியாகச் சொல்கிறார்களா என்று அவளுக்கு அதிலும் ஒரு சந்தேகம் இருந்தது.

வேலையால் சந்தேகம் வந்ததா, சந்தேகத்தால் வேலை வந்ததா என்பதை அவள் கணவர் இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. அவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். கல்யாணப் பேச்சு நடக்கும்போதே, "உங்க லைசென்ஸைக் கொஞ்சம் காட்டுங்க" என்று கேட்டவள் இவள். அவரும் காட்டினார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள். "அன்னைக்கே நான் வண்டியைத் திருப்பியிருக்கணும்" என்று அவர் சொல்லிச் சிரிக்காத சொந்தக்காரர்கள் கிடையாது.

ஆனால் வாசலில் நிற்பது அவள் ஆசைப்பட்ட வேலை இல்லை. கல்யாணத்துக்கு முன்னால், பள்ளிக்கூடம் போகும் வயது வராத பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதற்கான ஒரு வருடப் படிப்பைப் படித்து, வகுப்பில் இரண்டாவதாகத் தேறியவள். பிறகு கணவருக்கு வேறு பணிமனைக்கு மாற்றல், மகள் பிறந்தாள், அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் வீட்டுக்கு உடனே இன்னொரு சம்பளம் வேண்டியிருந்தது. ஆறு மாதம் நிற்கலாம் என்று துணிக்கடைக்குப் போனாள். ஆறு மாதம் பதினான்கு வருடமாக நீண்டுவிட்டது. அத்தனை வருடமும், தாயின் இடுப்பில் உட்கார்ந்தபடி வெளியே போகும் பிள்ளைகள் அவளைப் பார்த்துச் சிரித்தால், தாயின் பைக்குள் விட்ட கையை எடுக்காமலே பதிலுக்குச் சிரிப்பாள். படித்த படிப்புக்கு அவ்வளவுதான் உபயோகம்.

போன வருடம் கடைக்காரர்கள் வாசலில் இரண்டு கம்பங்களை நட்டார்கள். பில் போடாத துணியோடு யாராவது கடந்தால் கம்பம் கத்தும். கம்பத்துக்கு ஸ்டூல் வேண்டாம், டீ வேண்டாம், விடுப்பு வேண்டாம். சல்லடையையும் இன்னும் ஐந்து பேரையும் கைகுலுக்கி அனுப்பிவைத்தார்கள். கடைசி நாளன்று ஒரு துண்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கம்பங்களுக்கு நடுவில் நடந்து பார்த்தாள். சரியாகக் கத்தியது. வேலை போனதைவிட அதுதான் அவளுக்குப் பெரிய வருத்தம்.

கல்லூரியில் படிக்கும் மகள்தான் ஃபோனைத் துழாவி ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"அம்மா, சின்னப் பிள்ளைங்களுக்குப் பள்ளி நடத்துற நிறுவனங்கள்ல நிறைய ஆள் கேக்குறாங்க. உன் சான்றிதழ் போதும். ஆனா நாப்பத்தஞ்சு வயசு வரைக்கும்தான் எடுப்பாங்க."

சல்லடைக்கு நாற்பத்து நான்கு முடியப் போகிறது.

"நிறைய ஆள் எதுக்குக் கேக்குறாங்க? ஏற்கெனவே இருந்தவங்க என்ன ஆனாங்க?"

"அம்மா!"

"கேக்கக் கூடாதா?"

வாய்தான் அப்படிக் கேட்டது. மனசு அப்போதே அங்கே போய் உட்கார்ந்துவிட்டது. வாழ்க்கையில் அவள் தனக்கென்று ஆசைப்பட்ட ஒரே வேலை அதுதான். அது கைக்கு வர இன்னும் சில மாதங்கள்தான் மிச்சம், அப்புறம் கதவு சாத்திவிடும். அன்று மாலையே சான்றிதழை எடுத்துத் துடைத்து, பத்து நகல் எடுத்துக்கொண்டு வந்தாள். நகல் கடைக்காரன் தனக்கென்று ஒன்று அதிகமாக எடுத்து வைத்துக்கொண்டானா என்பதையும் பார்த்துவிட்டுத்தான் வந்தாள்.

முதலில் போனது நாற்பது கிளைகள் உள்ள ஒரு பெரிய நிறுவனம். கண்ணாடிக் கட்டடம். மகள் வயதுப் பெண் ஒருத்தி அவளை உட்காரவைத்துப் பேசினாள். வார்த்தைக்கு வார்த்தை சிரித்தாள். பிறகு பெற்றோர்களுக்குக் காட்டுகிற மாதிரி வகுப்பறைக்குக் கூட்டிப்போனாள். அலமாரி நிறையப் பொம்மைகள். சல்லடை ஒரு மர யானையை எடுத்தாள், வைத்தாள். ஒரு ரப்பர் வாத்தை எடுத்தாள், வைத்தாள். ஐந்தாறு எடுத்துப் பார்த்தபிறகு கேட்டாள்.

"இந்த வயசுல பிள்ளைங்க எல்லாத்தையும் வாயில வெச்சுக் கடிக்குமே. இதுல ஒண்ணுலகூடப் பல் தடம் இல்லையேம்மா?"

"நாங்க சுத்தத்துக்கு ரொம்ப முக்கியத்துவம் குடுக்கறோம், மேடம்."

"கழுவினா அழுக்குதானே போகும், பல் தடம் போகாதே?"

அந்தப் பெண்ணின் சிரிப்பு முதல்முறையாக நின்றது. திரும்பும் வழியில், மூடாமல் விட்ட ஒரு கதவு வழியே சல்லடை எட்டிப் பார்த்தாள். முப்பது பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து, சுவரில் ஓடும் படத்தை வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தன. கையில் ஒரு பொம்மை இல்லை. "சொல்லி அனுப்பறோம்" என்றார்கள். சொல்லி அனுப்பவில்லை.

இரண்டாவது இடத்தில் மேசைக்குப் பின்னால் ஒரு ஆள், கையில் ரப்பர் முத்திரையோடு இருந்தார். எந்தக் கேள்வியும் கேட்காமல், "வேலை உண்டு. ஒரிஜினல் சான்றிதழைக் குடுத்துட்டுப் போங்க, ரெண்டு வருஷம் கழிச்சுத் திருப்பித் தருவோம்" என்றார்.

"எதுக்கு?"

"பாதியில ஓடிடக் கூடாது இல்ல."

"ஓடிப்போற மாதிரியான இடமா இது?"

அவருக்குப் பின்னால் இரும்பு அலமாரி திறந்து கிடந்தது. அதில் தட்டுத் தட்டாக யார் யாருடைய படிப்போ அடுக்கியிருந்தது. சல்லடை தன்னுடையதை எடுத்துப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். படி இறங்கும்போது ஒருமுறை திறந்து, உள்ளே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

"ரெண்டு நிறுவனமும் உன்கிட்ட ஃபெயிலா?" என்றார் கணவர்.

"சிரிங்க. நான் சந்தேகப்பட்டது தப்பா?"

"தப்பே இல்ல. நீ சந்தேகப்பட்டு எதுவுமே தப்பானதில்ல. அதான் பயமா இருக்கு."

அன்று பாத்திரம் கழுவும்போது குழாயை வேகமாகத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். சந்தேகம் சரியாக இருந்ததில் பெருமை இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பெருமையை வைத்து என்ன செய்வது?

மூன்றாவது நிறுவனத்தின் விளம்பரத்தில் படம்கூட இல்லை. தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களின் பிள்ளைகளுக்காக, தொழிற்சாலைகளுக்குப் பக்கத்திலேயே அறை எடுத்துப் பள்ளி நடத்துகிறவர்கள். அவளை வரச் சொன்ன இடம் ஒரு பழைய கிடங்கு. எதிர்ச் சந்தில் ஃபோனுக்குள் வைக்கும் சின்னச் சின்னப் பாகங்களைப் பொதி கட்டும் தொழிற்சாலை. கிடங்குக்கு வெள்ளையடித்து, முழங்கால் உயரத்தில் குழாய்கள் வைத்து, சுவரோரம் சின்னச் செருப்புகளுக்கு ஒரு நீளப் பலகை போட்டிருந்தார்கள். சல்லடை முதல் வேலையாக ஒரு மரக் குதிரையைத் தூக்கிப் பார்த்தாள். காது இரண்டும் கடிபட்டுச் சப்பையாகிக் கிடந்தன. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். 'வர்றவங்க பார்க்கணும்னே கடிக்கவெச்சிருப்பாங்களோ' என்றுதான் தோன்றியது.

அங்கே பொறுப்பில் இருந்தவரை எல்லோரும் பெரிய டீச்சர் என்றார்கள். ஐம்பது வயதிருக்கும். கையில் ஆண்கள் கட்டும் பெரிய கடிகாரம். மேசை நாற்காலி எதுவும் இல்லை, பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். சான்றிதழை வாங்கி முழுவதும் படித்தார், திருப்பிக் கொடுத்தார்.

"மூணு நாள் வந்து உட்காருங்க" என்றார்.

"உட்கார்ந்து என்ன செய்யணும்?"

"சும்மா உட்காருங்க. பிள்ளைங்களை நீங்களா கூப்பிடாதீங்க, தூக்காதீங்க, ஒண்ணும் சொல்லித் தராதீங்க. அதுங்களா வந்தா பேசுங்க."

"அதுல நீங்க என்னைப் பத்தி என்ன பாப்பீங்க?"

"பாக்கலாம்" என்றார் பெரிய டீச்சர்.

சல்லடைக்குத் தூக்கிவாரிப்போட்டது. சும்மா உட்காருவதற்கு எந்த ஊரில் ஆள் எடுக்கிறார்கள்? இதில் ஏதோ ஒரு சோதனை ஒளிந்திருக்கிறது. துணிக்கடையிலும் அப்படித்தான். வருடத்துக்கு இரண்டு முறை, மேலாளர் தனக்குத் தெரிந்த யாரோ ஒருத்தியைப் பில் போடாத துணியோடு அனுப்பிவைப்பார். பார்த்தால் பாவம் போலிருப்பாள். வாசலில் அவளைப் பிடிக்காமல் விட்டவர்களுக்கு அடுத்த நாள் வேலை இருக்காது. பதினான்கு வருடத்தில் இருபத்தேழு பேர் அப்படி வந்தார்கள், இருபத்தேழு பேரையும் சல்லடை பிடித்திருக்கிறாள். இங்கேயும் ஒன்று வரும், வரட்டும், தயாராக இருப்போம் என்று முடிவு கட்டினாள்.

முதல் நாள் ஜன்னலோரத்தில் போய் உட்கார்ந்தாள். இருபத்திரண்டு பிள்ளைகள். ஒன்றுகூட அவளை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. மூலையில் ஒரு டீச்சர் மடியில் நோட்டை வைத்துக்கொண்டு எதையோ எழுதிக்கொண்டே இருந்தார். தலையைத் தூக்குவார், பார்ப்பார், எழுதுவார். சல்லடைக்கு முதுகு கூசியது. தன்னைப் பற்றித்தான் எழுதுகிறார் என்று நிச்சயமானதும், நிமிர்ந்து உட்கார்ந்தாள், சிரித்த முகமாக இருந்தாள், கொட்டாவியை விழுங்கினாள். நோட்டு டீச்சர் பிள்ளைகளுக்குக் கை கழுவிவிடப் போன நேரத்தில் மெல்ல நகர்ந்து ஒரு பக்கத்தை எட்டிப் பார்த்தாள்.

'சுருட்டை முடி இன்று செருப்பைத் தானே மாட்டினான். மூன்று முறை கால் மாறியது. உதவி கேட்கவில்லை' என்று இருந்தது. கீழே இன்னொரு பிள்ளையைப் பற்றி. அதற்குக் கீழே இன்னொன்று. அவளைப் பற்றி ஒரு வரி இல்லை. அப்படியென்றால் இன்னொரு நோட்டு எங்கேயோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஜன்னல் வழியே தொழிற்சாலை வாசல் தெரிந்தது. மாலையில் வேலை முடிந்து வரும் பெண்கள் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருத்தியும் பையைத் திறந்து காட்டிவிட்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினாள். சீருடை போட்ட ஒருத்தி தடவிப் பார்த்து வெளியே விட்டாள். 'முதுகுப் பக்கம் பார்க்கவே இல்லையே, இவளெல்லாம் என்ன செக்கர்' என்று சல்லடை உதட்டைப் பிதுக்கினாள்.

அந்த நேரத்தில்தான் பிள்ளைகள் விளையாடிய வண்ண மரக்கட்டைகளைக் கூடையில் போட்டு முடித்தன. கூடையின் விளிம்பில் முப்பது என்று எழுதியிருந்தது. அவள் கண் தானாக எண்ணியது. இருபத்தொன்பது.

இரண்டாம் நாள் ஒரு பெண் குழந்தை வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தது. நான்கு வயது இருக்கும். எந்த நேரமும் ஒரு நூல் தொப்பியைக் கழற்றாததால் எல்லோருக்கும் அது தொப்பி. வந்தது, உட்கார்ந்தது, ஒரு வார்த்தை பேசவில்லை. கால் மணி நேரம் கழித்து, ஏதோ தின்னும் பொருளைக் கொடுப்பது போல, ஒரு நீலக் கட்டையை அவள் மடியில் வைத்தது. பிறகு தலையையும் மடியில் வைத்தது.

சல்லடை கூப்பிடவில்லை, தூக்கவில்லை, தானாக வந்தது. இருபத்திரண்டு வருடமாக அலமாரியில் கிடந்த ஆசை, தொப்பி போட்டுக்கொண்டு மடியில் படுத்திருந்தது. கால் மரத்துப்போனது. அசையவே இல்லை.

மாலையில் கட்டைகள் மறுபடியும் இருபத்தொன்பதுதான். நேற்று இல்லாத சிவப்பு முக்கோணம் இன்று கூடையில் இருந்தது, இன்று நீலக் கட்டையைக் காணவில்லை. அப்படியென்றால் திருடு போனதற்குப் பதில் யாரோ புதிதாக ஒன்றை வைத்துக் கணக்கைச் சரிக்கட்டுகிறார்கள். இது ஒருத்தர் வேலை இல்லை, கூட்டு என்று அவள் மூளை கணக்குப் போட்டது. எடுத்ததைப் பிள்ளையே திருப்பிக் கொண்டு வந்திருக்கலாம் என்று மட்டும் அந்த மூளைக்குத் தோன்றவில்லை. பதினான்கு வருடத்தில் எடுத்த துணியை யாரும் மறுநாள் திருப்பிக் கொண்டு வந்ததில்லை, பாவம், அவளும் என்ன செய்வாள்.

மூன்றாம் நாள் மாலை பார்த்துவிட்டாள். தொப்பி, எல்லோரும் செருப்பு மாட்டும் நேரம் பார்த்து, கூடையிலிருந்து ஒரு மஞ்சள் கட்டையை எடுத்துத் தன் பைக்குள் போட்டு ஜிப்பை மூடியது. அதே நேரம் அறையின் கோடியிலிருந்து பெரிய டீச்சர் தொப்பியைப் பார்த்தார். பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சல்லடைக்குப் பொறி தட்டியது. மேலாளர் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் இதே மாதிரிதான். இதுதான் சோதனை! நேற்று மடியில் வந்து படுத்ததும் சொல்லிக்கொடுத்து அனுப்பியதுதானோ என்று நினைத்தபோது மனசு கசந்தது. ஆனால் வேலை வேண்டும். இருபத்தெட்டாவதையும் பிடித்தாக வேண்டும்.

தொப்பியின் அம்மா தொழிற்சாலையிலிருந்து நேராக ஓடிவந்து வாசலில் நின்றாள். முப்பது வயதுகூட இராது, முகமெல்லாம் களைப்பு. தொப்பி அவள் கையைப் பிடித்தது. அவர்கள் வாசற்படியைத் தாண்டுவதற்குள் சல்லடை எழுந்து குறுக்கே போய் நின்றாள். கால்களை அகட்டி, கையை நீட்டி, பதினான்கு வருடப் பழக்கக் குரலில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"பையைத் திற."

சொன்னது பிள்ளையிடம். ஆனால் அந்தக் குரலைக் கேட்டதும் முதலில் திறந்தது தாயின் பை. யோசிக்கக்கூட இல்லை. தோளிலிருந்து கழற்றி, வாயைப் பிளந்து நீட்டினாள். நீட்டிவிட்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினாள்.

தொப்பி தன் அம்மாவை அண்ணாந்து பார்த்தது. பிறகு அதுவும் பையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு சின்னக் கைகளையும் தலைக்கு மேல் தூக்கியது.

சல்லடையின் நீட்டிய கை அப்படியே நின்றது. வாழ்நாளில் எத்தனையோ பேரைக் கைதூக்க வைத்தவள். அவர்கள் வீட்டில் பிள்ளைகள் இருக்கும் என்பதை இந்த நிமிஷம்வரை அவள் நினைத்ததில்லை.

பெரிய டீச்சர் ஓடிவந்து மண்டியிட்டார். பிள்ளையின் கைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து இறக்கினார்.

"பயப்படாதே கண்ணு. கட்டை உன்கிட்டயே இருக்கட்டும். நாளைக்குக் கொண்டு வருவ இல்ல?"

"டீச்சர், அவ எடுத்தது எனக்குத் தெரியாது டீச்சர், சத்தியமா" என்றாள் அம்மா. கை இன்னும் பாதி தூக்கியபடியே இருந்தது.

"எனக்குத் தெரியும்மா. தினமும் ஒண்ணு எடுத்துட்டுப் போவா, காலையில அவளே கொண்டு வந்து வெச்சிடுவா. திருட்டு இல்ல."

அம்மா கையை இறக்கினாள். அப்புறம்தான் சல்லடையை நேராகப் பார்த்தாள். தலையிலிருந்து கால்வரை, மறுபடி காலிலிருந்து தலைவரை. "இவங்க யாரு?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

எல்லோரும் போனபிறகு பெரிய டீச்சர் அந்த நோட்டை எடுத்து, பத்து நாள் முந்தைய பக்கத்தைத் திறந்து சல்லடையின் முன் வைத்தார். 'தொப்பி மாலைவரை அழுகிறாள். இன்று ஒரு கட்டையை வீட்டுக்கு எடுத்துப் போனாள். மறுநாள் காலையில் அவளே கொண்டு வந்து கூடையில் வைத்தாள். அழவில்லை.' அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு கட்டையும், அழவில்லை என்ற வார்த்தையும்.

"நீங்க சோதனை வெச்சிருக்கீங்கன்னு நினைச்சேன், டீச்சர். நான் பிடிக்கிறேனான்னு பாக்க."

"நாலு வயசுப் பிள்ளையை வெச்சா?"

சல்லடை நோட்டை மூடி வைத்தாள். பெரிய டீச்சர் கோபத்தை அடக்கிக்கொண்டு அந்தப் பெரிய கடிகாரத்தை முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டிருந்தார்.

"வேலை இல்லைன்னு சொல்லிடுங்க, போயிடறேன்" என்றாள் சல்லடை.

"போனா அந்தப் பிள்ளைக்கு நேத்து மடி குடுத்த ஆள் இன்னைக்கு இப்படிப் பண்ணிட்டுக் காணாமப் போயிட்டாங்கன்னு ஆயிடும். வாங்க. உட்காருங்க. ஆனா வேலைக்குன்னு உங்க பேரை நான் எழுத மாட்டேன். அந்த அம்மா உங்களை நம்பிப் பிள்ளையை விட்டுட்டுப் போகணும். அன்னைக்குத்தான் எழுதுவேன். நான் போய் அவங்ககிட்ட உங்களுக்காகப் பேசவும் மாட்டேன்."

மறுநாள் காலை தொப்பி வந்தது. சல்லடையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றது. பையைக் கீழே வைத்து, ஜிப்பைத் திறந்து, கைகளைத் தூக்கியது. பின்னால் அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"வீட்டுல பொம்மையையும் இப்படித்தான் நிக்க வெக்கிறா" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

மன்னிப்புக் கேட்பதற்குச் சல்லடை எத்தனையோ வார்த்தைகளைத் தயார் செய்து வைத்திருந்தாள். அவற்றை விட்டுவிட்டு, தன் கைப்பையை எடுத்து, தலைகீழாகப் பிடித்து, தொப்பியின் காலடியில் பாய்மேல் கொட்டினாள். சீப்பு, மூன்று சாவி, தைலப் புட்டி, மடக்குக் குடை, சான்றிதழ் நகல்கள், நாலு நாள் பேருந்துச் சீட்டுகள். கொட்டிவிட்டு மண்டியிட்டு, இரண்டு கைகளையும் தூக்கினாள்.

தொப்பி சற்று நேரம் பார்த்தது. பிறகு, தூக்கிய கைகளோடு தேட முடியாது என்பதால், கைகளை இறக்கியது. குடையை விரித்துப் பார்த்தது. தைலத்தை மோந்து முகத்தைச் சுளித்தது. மற்றப் பிள்ளைகளும் ஓடிவந்து சூழ்ந்துகொண்டன. சுருட்டை முடி சீப்பால் தன் தலையை வாரிக்கொண்டான். சல்லடை கையைத் தூக்கியபடியே சிரித்தாள், அழுதாள், இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தாள்.

பிள்ளை மன்னித்துவிட்டது. அம்மா மன்னிக்கவில்லை. அவள் வெளியே போய், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டாள். எட்டரைக்குத் தொழிற்சாலைச் சங்கு ஊதும்வரை நின்றாள். ஊதியதும் ஓடினாள்.

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். பார்ப்பதற்கென்றே முன்கூட்டி வர ஆரம்பித்தாள். பத்து நிமிஷம், பன்னிரண்டு நிமிஷம் என்று கண்கொத்திப் பாம்பாக நின்றாள். சல்லடையின் விரல் அசைந்தால் அவள் கண் அசைந்தது.

"ஜன்னலுக்குத் திரை போடட்டுமா?" என்று நோட்டு டீச்சர் கேட்டார்.

"வேண்டாம் டீச்சர். பாக்கட்டும்."

பார்க்கிறவர்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்பது சல்லடைக்குத் தெரியும். முதலில் கை தெரிய வேண்டும். அதனால் ஜன்னலுக்கு நேராகவே உட்கார்ந்தாள், முதுகைக் காட்டாமல், இரண்டு கைகளும் வெளிச்சத்தில் இருக்கும்படி. தன்னிடம் மாட்டியவர்கள் யாரும் இவ்வளவு ஒழுங்காக நின்றதில்லை என்று நினைத்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. அந்த இடத்தில் தானிருந்தால் ஜன்னலோடு விட்டிருக்க மாட்டேன், உள்ளேயே வந்து உட்கார்ந்திருப்பேன் என்று தோன்றியது.

"சம்பளம் இல்லாம உட்கார்ந்துட்டு வர்றதுக்கா ஒரு வருஷம் படிச்ச?" என்று வீட்டில் கணவர் கேட்டார். "அந்தம்மா எப்பதான் நம்புவாங்களாம்?"

"நம்பாம இருக்கறதுதான் நல்ல அம்மா" என்றாள் சல்லடை. அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தார்.

இருந்தாலும் நாட்கள் போகப்போக அவளுக்குப் பயம் கூடியது. நாற்பத்தைந்தாவது பிறந்த நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் தலைவலி என்று தொப்பி அவள் தோளில் சாய்ந்து தூங்கியபோது, இந்தக் கனத்தை நிஜமாகவே தன்னிடம் யாரும் ஒப்படைக்கவில்லை, எல்லாம் இரவல்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

பத்தொன்பதாம் நாள் காலை தொப்பியும் அம்மாவும் வழக்கம் போல் வந்தார்கள். அம்மா பிள்ளையின் செருப்பைக் கழற்றிப் பலகையில் வைத்தாள். பையைப் பிள்ளையின் தோளிலிருந்து எடுத்து, மூடியபடியே, சல்லடையின் கையில் கொடுத்தாள். முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நேரமாயிடுச்சுக்கா, நான் கிளம்பறேன்" என்றாள். போய்விட்டாள்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை.

அக்கா என்றாளா? சல்லடைக்குச் சந்தேகம் வந்தது. அவசரத்தில் வாய் தவறி வந்திருக்கும். நேரமாகிவிட்டது, அதனால்தான் நிற்கவில்லை, வேறொன்றும் இல்லை. அப்படித்தான் இருக்கும் என்று மனசை அடக்கிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். சங்கு ஊத இன்னும் பதினோரு நிமிஷம் இருந்தது.

கடிகாரம் நின்றுவிட்டதோ? பெரிய டீச்சரின் கையைப் பிடித்துத் திருப்பி அந்தப் பெரிய கடிகாரத்தையும் பார்த்தாள். பதினோரு நிமிஷம்தான். எழுந்து ஜன்னலுக்கு ஓடினாள். சந்தில், தொழிற்சாலை வாசலுக்குப் பக்கத்து டீக்கடைப் பலகையில் தொப்பியின் அம்மா உட்கார்ந்திருந்தாள். காலை நீட்டி, ஒரு கையால் மற்றக் கையின் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டு, ஊதி ஊதி, நிதானமாக டீ குடித்துக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"டீச்சர், இங்க வாங்களேன்" என்று கூப்பிட்டாள் சல்லடை. முகமெல்லாம் சிரிப்பு. "நேரமாயிடுச்சுன்னு என்கிட்டப் பொய் சொல்லிட்டுப் போயிருக்காங்க, டீச்சர். பச்சைப் பொய்!"